முழங்காலும் கணிப்பொறியும்: ஒரு சோதனை வரலாறு

செயற்கைக் கால் என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே நம் குடும்பத்தார் நெஞ்சில் தோன்றும் ஊர் ஜெய்ப்பூர். கைவினைஞர் இராமச்சந்திர சர்மாவும் எலும்பு அறுவை மருத்துவர் பி. கே. சேத்தியும் 1960களின் இறுதியில் உருவாக்கிய ஜெய்ப்பூர்ப் பாதத்தையும், அதனை ஏழை எளியோர்க்கு விலையின்றி வழங்கும் பொருட்டு டி. ஆர். மேத்தா 1975ஆம் ஆண்டில் நிறுவிய பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதியையும் அறியாதார் நம்முள் அரியர். ஆயினும் பாதத்தின் பெருமையைப் பேசும் நாம் முழங்காலைப் பற்றி அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

முழங்காலுக்குக் கீழே கால் நீக்கப்பட்டவர்க்குத் தம் சொந்த மூட்டு எஞ்சியிருக்கிறது. தொடையளவில் நீக்கப்பட்டவர்க்கோ அதுவும் இல்லை. மடங்க வேண்டிய நேரத்தில் மடங்கி, நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கும் ஒரு மூட்டையே அவருக்குப் புதிதாகச் செய்து கொடுத்தாக வேண்டும். நடக்கும்போது ஒவ்வொரு காலும் இரு நிலைகளை மாறி மாறி அடைகிறது. தரையில் ஊன்றி உடலின் பாரம் முழுவதையும் தாங்குவது ஊன்றுநிலை. தரையை விட்டெழுந்து முன்னோக்கி வீசப்படுவது வீசுநிலை. முன்னதில் முழங்கால் தூணைப் போல் நிற்க வேண்டும். பின்னதில் கீல் போட்ட கதவைப் போல் எளிதில் திறந்து மூட வேண்டும். தூணாக இருக்க வேண்டிய நொடியில் கதவாகிவிட்டால் மனிதர் விழுவார். செயற்கை முழங்காலின் நெடிய வரலாறு முழுவதும் இந்த ஒரு நொடியைச் சுற்றியே சுழல்கிறது.

இப்பொருளின்பால் என் கவனம் திரும்பியதற்குக் காரணம் ஒன்று உண்டு. என்னோடு ஒரே பள்ளியில் பல்லாண்டுகள் கணிதம் கற்பித்த நண்பர் ஒருவர், நீரிழிவின் விளைவாக வலக்காலைத் தொடையளவில் இழந்தார். எளிய இயந்திர மூட்டுடைய செயற்கைக் கால் பொருத்தப்பட்டது. முதல் மாதத்திலேயே வாசற்படியில் அம்மூட்டு மடங்க, விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதன்பின் அந்தக் கால் அறையின் மூலையில் சுவரில் சாய்ந்து நின்றது. அவர் சன்னலோர நாற்காலியில் அமர்ந்திருந்தார். வெளிநாட்டில் வாழும் மகன், கணிப்பொறி பொருத்திய முழங்கால் ஒன்று வாங்கித் தருவதாகக் கூறினார். அப்போது நண்பர் என்னிடம் கேட்டது இது: "தமிழய்யா, விலை பல இலட்சம் என்கிறான். அது நல்லதென்று யாரேனும் சோதித்துப் பார்த்தார்களா? எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? எதை அளந்தார்கள்?" கணித ஆசிரியர் வேறு எவ்வாறு கேட்பார்! அவருக்கு விடை சொல்லும் பொருட்டுத் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே தம் நூலில் படத்தோடு வெளியிட்ட காலொன்று, மடங்கும் முழங்காலுடைய பழைய வடிவங்களுள் புகழ் பெற்றது. நடக்கும்போது அதன் மூட்டுப் பூட்டப்பட்டிருக்கும். உட்காரும்போது மட்டும் பூட்டைத் திறந்து மடக்கிக்கொள்ளலாம். தூண் உண்டு, நடையில் கதவு இல்லை. பின்னர், 1815இல் வாட்டர்லூ போரில் காலிழந்த ஆங்கிலசி பிரபுவுக்கு இலண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பாட்ஸ் மரக்கால் ஒன்று செய்தளித்தார். முழங்கால் மடங்கும்போது பாதத்தின் முன்பகுதி தானாகவே உயரும்படி உள்ளே நரம்புக் கயிறுகள் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. அக்காலத்தில் சோதனை என்ற ஒன்று தனியே கிடையாது. பிரபு நடந்தார், கண்டோர் வியந்தனர், செய்தவர் பெயர் பெற்றார். அவ்வளவே.

அளந்து பார்க்கும் வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே வேரூன்றியது. போரிலிருந்து காலிழந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் ஆயிரக்கணக்கானோர். தமக்கு வழங்கப்பட்ட கால்களின் தரத்தைப் பற்றி அவர்கள் கடுமையாகக் குறை கூறினர். அதன் விளைவாக 1945இல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் அகாதெமியின் மேற்பார்வையில் ஓர் ஆராய்ச்சித் திட்டம் தொடங்கிற்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் அப்பணியை முன்னின்று நடத்தியவர்கள் இருவர். ஒருவர் மருத்துவர் வெர்ன் இன்மன். மற்றவர் கட்டுமானப் பொறியியல் பேராசிரியர் ஹோவர்டு எபர்ஹார்ட். விமான ஓடுதளங்களின் வலிமையை ஆராய்ந்துகொண்டிருந்தபோது நேர்ந்த விபத்தில் தாமே ஒரு காலை இழந்தவர். செயற்கைக் காலைச் செய்வதற்கு முன் இயற்கைக் கால் எவ்வாறு நடக்கிறது என்பதே எவருக்கும் முழுமையாகத் தெரியாது என்பதை அவர்கள் கண்டனர். ஆகவே அதிலிருந்தே தொடங்கினர். நடப்பவரைப் பல திசைகளிலிருந்து படம் பிடித்தனர். ஆய்வுக்கு இசைந்து வந்தவர்களின் எலும்புகளில் மெல்லிய உலோக ஊசிகளைச் செருகி, அவ்வூசிகளின் அசைவைக் கொண்டு எலும்பு எத்தனை பாகை திரும்புகிறது என்று கணக்கிட்டனர். எலும்பில் ஊசியேற்றிக்கொண்டு பிறர்க்காக நடந்து காட்டிய அந்தத் தன்னார்வலரின் பெயர்களை நாம் அறியோம். இன்று உலகில் எங்கு நடை ஆய்வுக்கூடம் இருந்தாலும் அது இவர்கள் இட்ட அடித்தளத்தின்மேல் நிற்பதேயாகும்.

அதே காலப்பகுதியில் செருமனியிலிருந்து அமெரிக்கா சென்ற பொறியாளர் ஹான்ஸ் மாவுக் எண்ணெய் நிரம்பிய உருளை ஒன்றை முழங்காலுக்குள் அமைத்தார். உருளைக்குள் தண்டு நகரும்போது எண்ணெய் சிறு துளைகளின் வழியே பிதுங்கிச் செல்ல வேண்டியிருப்பதால் மூட்டு ஒரேயடியாக மடங்காது, மெல்ல இளகும். நெடுங்காலம் ஆய்வில் இருந்து 1960களின் இறுதியில் பரவலான பயன்பாட்டுக்கு வந்த அந்த மாவுக் மூட்டு, அடுத்த நாற்பதாண்டுகட்குச் சோதனையாளர்களின் உரைகல்லாக விளங்கியது. புதிய மூட்டு எது வந்தாலும் "மாவுக் மூட்டைவிட இது மேலானதா" என்பதே கேள்வி.

கணிப்பொறி முழங்காலுக்குள் புகுந்த கதை 1970களில் தொடங்குகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வுடி பிளவர்ஸ் என்னும் ஆய்வு மாணவர் ஒரு மின்-எண்ணெய் முழங்காலை உருவாக்கினார். ஆனால் அதை அணிந்தவர் அறையை விட்டு வெளியே செல்ல இயலாது. நீண்ட கம்பிகளால் கணிப்பொறியோடு பிணைக்கப்பட்டிருந்தார். நடந்து திரிவதற்கன்று, எந்த வகை முழங்கால் நல்லதென ஆராய்வதற்கே அக்கருவி. கணிப்பொறி காலுக்குள்ளேயே அடங்குமளவு சிறுத்துப்போனது அதன்பின் ஏறத்தாழ இருபதாண்டுகள் கழித்து. சப்பானில் நிகழ்ந்த முயற்சிகளை அடியொற்றி, இங்கிலாந்தின் பிளாட்ச்ஃபோர்டு நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் 'அறிவார்ந்த செயற்கைக் கால்' எனப் பொருள்படும் பெயரோடு ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. இது வீசுநிலையை மட்டுமே ஆண்டது. அணிந்தவர் விரைந்து நடந்தால் கீழ்க்கால் விரைந்து முன்வரவும், மெல்ல நடந்தால் மெல்ல வரவும் கணிப்பொறி உதவியது. ஊன்றுநிலையில் அதற்குப் பங்கில்லை. இந்த வேறுபாட்டை வாசகர் நினைவில் நிறுத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இது பலருடைய விதியைத் தீர்மானித்தது.

கனடாவின் ஆல்பர்ட்டாப் பல்கலைக்கழகத்தில் கெல்வின் ஜேம்ஸ் என்பார் கண்ட வழிமுறையைச் செருமானிய நிறுவனமான ஓட்டோபாக் வாங்கி வளர்த்து, 1997இல் நூரம்பர்க் நகரில் சி-லெக் என்னும் காலை அறிமுகம் செய்தது. முழங்காலின் கோணத்தை ஓர் உணரி அளக்கிறது. கீழ்த்தண்டு பாரத்தால் எவ்வளவு வளைகிறது என்பதை வேறு உணரிகள் அளக்கின்றன. நொடிக்கு 50 முறை இவ்வளவுகளைப் படித்து, எண்ணெய் உருளையின் வால்வுகளை இறுக்குவதா தளர்த்துவதா என்று நுண்செயலி முடிவு செய்கிறது. பலரும் எண்ணுவது போல் இதில் காலைத் தூக்கிவிடும் மோட்டார் இல்லை. மின்கலத்தின் ஆற்றல் உணரிகளுக்கும் செயலிக்கும் வால்வுகளுக்குமே செலவாகிறது. நடப்பவர் தம் இடுப்பின் வலிமையால்தான் நடக்கிறார். கணிப்பொறி செய்வதெல்லாம், எவ்வளவு எதிர்த்து நிற்பது என்று நொடிக்கு நொடி தீர்மானிப்பதே. ஆனால் இங்கே வீசுநிலையோடு ஊன்றுநிலையும் அதன் ஆளுகைக்குள் வந்துவிட்டது. கால் தடுக்கினால், கீழே ஊன்றும் முன்பே மூட்டு விறைத்து நிற்க ஆயத்தமாகிவிடும்.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். எதை அளந்தார்கள்?

முதலில் அளந்தது மூச்சை. தொடையளவில் காலிழந்தோர் நடப்பதற்கு ஏனையோரைவிட மிகுதியான ஆற்றலைச் செலவிடுகின்றனர் என்பது பெர்க்கிலிக் காலத்திலிருந்தே அறிந்த செய்தி. எனவே நல்ல முழங்கால் என்றால் களைப்பைக் குறைக்க வேண்டும் என்று கருதினர். முகத்தில் முகமூடி பொருத்தி, டிரெட்மில்லில் நடக்கவிட்டு, உட்கொள்ளும் ஆக்சிஜனின் அளவைப் பழைய மூட்டோடும் புதிய மூட்டோடும் ஒப்பிட்டனர். இங்கிலாந்தின் செஃபீல்டு நகரில் பிளாட்ச்ஃபோர்டு காலை வைத்துச் செய்து 2005இல் வெளியிட்ட சோதனையில், மெல்ல நடக்கும்போது சிறிது இலாபம் தெரிந்தது. 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு எட்டுப் பேரிடம் சி-லெக்கையும் மாவுக் மூட்டையும் ஒப்பிட்டது. ஆக்சிஜன் செலவில் புள்ளியியல் முறைப்படி சொல்லத்தக்க வேறுபாடு ஏதும் இல்லை. விலையோ பன்மடங்கு. கால் வாங்கித் தரும் காப்பீட்டாளர் இத்தகைய முடிவைக் கண்டால் என்ன சொல்வர் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து அளந்தது மனத்தை. "முன்பெல்லாம் ஒவ்வோர் அடியையும் எண்ணி எண்ணி வைப்பேன், இப்போது நடப்பதை மறந்து பேச முடிகிறது" என்ற பொருள்படப் பயனர்கள் பலர் கூறிவந்தனர். இது மெய்யா என்றறிய, நடந்துகொண்டே மனத்தை ஈர்க்கும் வேறொரு பணியைச் செய்யச் சொல்லி ஆராய்ந்தனர். செஃபீல்டில் 2000ஆம் ஆண்டு பத்துப் பேரை வைத்துச் செய்த முன்னோட்டச் சோதனையிலும், சியாட்டிலில் 2006இல் எட்டுப் பேரிடம் செய்த சோதனையிலும் கருவிகள் வேறுபாட்டைக் காட்டவில்லை. சியாட்டிலில் அணிந்தவர்களோ கவனம் குறைவாகவே தேவைப்படுகிறது என்று உறுதியாகச் சொன்னார்கள். மனிதர் சொன்னது ஒன்று. அளவுகோல் சொன்னது வேறொன்று.

முப்பதாண்டுக்கு மேல் விடைத்தாள் திருத்தியவன் என்னும் முறையில் இவ்விடத்தில் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். செய்யுளை நன்கு உணர்ந்து படித்த மாணவனிடம் ஆசிரியர் பெயரும் ஆண்டும் மட்டும் கேட்டால் அவன் தோற்கக்கூடும். குறை மாணவனிடம் இல்லை, வினாத்தாளில் இருக்கிறது. டிரெட்மில் மேடுபள்ளம் இல்லாதது. ஆய்வுக்கூடத்தில் கல் இல்லை, ஈரத்தரை இல்லை, திடீரெனக் குறுக்கே ஓடும் குழந்தை இல்லை. நேரான சமதளத்தில் ஒரே விரைவில் நடப்பவர்க்குக் கணிப்பொறியின் தயவு எதற்கு? பழைய மூட்டு எங்கே தோற்றுப்போகுமோ அங்கே கேள்வியை வைத்தால்தானே புதியதன் தகுதி தெரியும்!

அத்தகைய வினாத்தாள்கள் 2007 முதல் வரலாயின. சியாட்டிலில் ஹாஃப்னரும் உடனுழைத்தோரும் 21 பேரைக் கொண்டு தொடங்கி, 17 பேரோடு நிறைவு செய்த சோதனை குறிப்பிடத்தக்கது. முதலில் பழைய இயந்திர மூட்டு, பின்னர்க் கணிப்பொறி மூட்டு, மீண்டும் பழையது, மீண்டும் புதியது. இவ்வாறு மாற்றி மாற்றி அணியச் செய்ததால், ஒருவரை மற்றொருவரோடு ஒப்பிடாமல் அவரை அவரோடே ஒப்பிட முடிந்தது. புதியதன் கவர்ச்சியால் மட்டும் முடிவு நன்றாக வந்ததா என்பதும் திரும்பப் பழையதை அணியும்போது ஓரளவு வெளிப்பட்டுவிடும். படி இறங்குவதிலும் சரிவில் இறங்குவதிலும் முன்னேற்றம் தெளிவாகத் தென்பட்டது. இயந்திர மூட்டுடையோர் பலர் படியிறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் சேர்த்து வைத்தே இறங்குவர். எண்ணெய் உருளையின் எதிர்ப்பை நம்பிச் சாய்ந்து, கால் மாற்றிக் கால் வைத்து இறங்குவது நம்பிக்கை வந்தால்தான் கைகூடும். மேயோ மருத்துவ மையத்தில் அதே ஆண்டு 15 பேரிடம் நிகழ்த்திய ஆய்வில் உடல் நிலைகுலையாது நிற்கும் ஆற்றல் மேம்பட்டிருந்தது கண்டறியப்பட்டது.

2008இல் கால் என்பாரும் உடன் ஆய்ந்தோரும் வெளியிட்ட சோதனையே நேரடியாக 'விழுந்தீர்களா' என்று கேட்டது. (ஆய்வாளர் பெயரே கால் என்று அமைந்தது தற்செயல்தான், தமிழில் எழுதும்போது புன்னகை வருவதைத் தவிர்க்க முடியவில்லை.) 19 பேரிடம், பழைய மூட்டோடு எத்தனை முறை தடுமாறினர், எத்தனை முறை விழுந்தனர் என்றும், சி-லெக் அணிந்து பழகியபின் எத்தனை முறை என்றும் கேட்டறிந்தனர். தடுமாற்றம் 59 விழுக்காடு குறைந்தது. விழுதல் 64 விழுக்காடு குறைந்தது. கரடுமுரடான தரையில் நடக்கும் விரைவும் கூடியது. ஆயினும் 19 பேருள் சி-லெக்கை விரும்பித் தேர்ந்தவர் 14 பேர்தாம் என்பதையும் அவ்வாய்வு மறைக்கவில்லை. எஞ்சிய ஐவரின் கருத்தும் வரலாற்றின் பகுதியே.

மேயோ மையத்தின் மற்றொரு சோதனை என்னை மிகவும் கவர்ந்தது. ஐதரசனும் ஆக்சிஜனும் கனமான ஓரகத்தனிமங்களாக அமைந்த சிறப்பு நீரைப் பருகச் செய்து, அவை உடலை விட்டு வெளியேறும் விரைவைச் சிறுநீரில் அளந்தால், ஒருவர் பல நாள்களில் மொத்தம் எவ்வளவு ஆற்றல் செலவிட்டார் என்று கணிக்கலாம். முகமூடியும் வேண்டா, டிரெட்மில்லும் வேண்டா. அவர் தம் வீட்டில் தம் போக்கில் வாழலாம். 2008இல் வெளியான முடிவு இது: ஆய்வுக்கூடத்தில் நடைக்கான ஆற்றல் செலவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை, ஆனால் வீட்டு வாழ்வில் உடலியக்கத்துக்குச் செலவிட்ட ஆற்றல் கூடியிருந்தது. களைப்பைக் குறைக்கிறதா என்று தேடியவர்கள், செலவு கூடியிருப்பதைக் கண்டனர். கணக்கில் இழப்புப் போல் தோன்றும் இதுவே உண்மையான இலாபம். அவர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருந்தார்கள்.

செருமனியில் புளுமென்ட்ரிட் குழுவினர் 2009இல் வெளியிட்டது வேறு வகை. விழும் சூழலையே ஆய்வுக்கூடத்தில் படைத்துப் பார்த்தனர். திடீரென நிற்கச் சொல்லுதல், பக்கவாட்டில் விலகச் சொல்லுதல், தரையில் கிடக்கும் பொருளின்மேல் மிதிக்கச் செய்தல், கால் முன்வரும்போதே இடையூறு செய்தல் ஆகியவற்றை நிகழ்த்தி, எந்த மூட்டு அப்போது மடங்குகிறது, எது தாங்குகிறது என்று அளந்தனர். பாலம் கட்டியபின் யானையை நடக்கவிட்டுப் பார்ப்பதைப் போன்றது இது.

இச்சோதனைகளை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா? நண்பர் அத்தனை எளிதில் விடுபவர் அல்லர். மருந்துச் சோதனையில் எவருக்கு மருந்து, எவருக்கு வெறும் மாத்திரை என்பதை மறைத்து வைப்பர். முழங்காலில் அது இயலாது. இரவில் மின்னேற்றம் செய்யும் காலை எவரும் சாதாரணக் காலென்று எண்ணார். பங்கேற்றோர் தொகை எட்டு, பத்து, பதினைந்து என்ற அளவினது. விழுந்த எண்ணிக்கை பெரும்பாலும் அணிந்தவரின் நினைவை நம்பியது. முப்பது நாளுக்கு முன் தடுக்கியதை எவர் சரியாக நினைவில் வைத்திருப்பார்? சில ஆய்வுகளுக்குப் பொருளுதவி செய்தவர்கள் கால் செய்யும் நிறுவனங்களே. இவை எல்லாவற்றையும் விடப் பெரிய குறை ஒன்றுண்டு. பங்கேற்றோருள் மிகப் பலர் நடுத்தர வயதினர், திடகாத்திரமானவர், விபத்தில் காலிழந்தவர். ஆனால் மேலைநாடுகளில் காலிழப்போருள் பெரும்பான்மையினர் நீரிழிவாலும் குருதியோட்டக் குறைவாலும் இழக்கும் முதியவர்களே. விழும் வாய்ப்பும், விழுந்தால் எலும்பு முறியும் வாய்ப்பும் அவர்களுக்கே மிகுதி.

அவர்களுக்கு அந்த முழங்கால் கிடைக்கவும் இல்லை. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு, காலிழந்தோரை நடக்கும் திறனுக்கேற்ப 0 முதல் 4 வரை ஐந்து படிகளாகப் பகுத்திருந்தது. வேகத்தை விருப்பம்போல் மாற்றி நடக்கக் கூடியவர் மூன்றாம் படி. வீட்டைச் சுற்றியும் தெருவில் சிறிது தொலைவும், சிறு தடைகளைக் கடந்து நடப்பவர் இரண்டாம் படி. கணிப்பொறி முழங்கால் மூன்றாம், நான்காம் படியினர்க்கே உரியது என்பது விதி. இதன் தருக்கம் பிளாட்ச்ஃபோர்டு காலத்துத் தருக்கம் என்றே நான் கருதுகிறேன். கணிப்பொறியின் பயன் நடைவேகத்தை மாற்றித் தருவது. வேகம் மாற்றாதவர்க்கு அது எதற்கு? ஊன்றுநிலையும் கணிப்பொறியின் ஆளுகைக்குள் வந்து, விழுவதைத் தடுப்பதே அதன் தலையாய பயன் என்றான பின்னும் விதி மாறவில்லை. நன்றாக நடப்பவர்க்கு விழாத கால். விழுபவர்க்கு விழும் கால்.

அந்த விதியை அசைத்தது மீண்டும் ஒரு சோதனையே. மேயோ மையத்தின் காஃப்மன் குழுவினர், இரண்டாம் படியிலுள்ள முதியவர் ஏறத்தாழ 50 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. பங்கேற்றோரின் சராசரி வயது 69. பழைய மூட்டோடு முதலில் அளந்து, பத்து வாரம் கணிப்பொறி மூட்டோடு வாழவிட்டு அளந்து, மீண்டும் நான்கு வாரம் பழையதற்குத் திருப்பி அளந்தனர். கணிப்பொறி மூட்டோடு இருந்த காலத்தில் அவர்கள் விழுவது குறைந்தது. உட்கார்ந்திருக்கும் நேரமும் குறைந்தது. இதற்கு முந்தைய ஆண்டு ராண்ட் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட பொருளியல் கணிப்பு, நூறு பேர் பத்தாண்டுகள் இம்மூட்டை அணிந்தால் கடுங்காயம் விளைக்கும் விழுதல்கள் 82 குறையும் என்றும், 11 உயிர்கள் காக்கப்படும் என்றும் மதிப்பிட்டது. அது நேரில் கண்ட எண்ணன்று. பல ஆய்வுகளைக் கோத்துக் கணக்கிட்ட எண். அதற்குப் பொருளுதவி தந்ததும் அந்நாட்டுச் செயற்கை உறுப்புத் துறையினரின் சங்கமே. நண்பரிடம் இதைச் சொன்னபோது, "அப்படியானால் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து உயிர் போதாதா?" என்றார்.

இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுத் துறை 2016 திசம்பரில் இம்முழங்காலை அரசுச் செலவில் வழங்க இசைந்தது. அமெரிக்க மெடிகேர் இரண்டாம் படியினர்க்கும் அதனைத் திறந்துவிட்டது 2024 செப்டம்பரில். சி-லெக் நூரம்பர்க்கில் அரங்கேறி 27 ஆண்டுகள் கழிந்திருந்தன.

நம் நாட்டு நிலை வேறு. இங்குக் கேள்வி கணிப்பொறி வேண்டுமா என்பதற்கு முன்னரே, நல்ல இயந்திர மூட்டாவது கிடைக்குமா என்று தொடங்குகிறது. ஜெய்ப்பூர் சமிதியோடு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் குழு ஒன்று இணைந்து, பாலிமரால் ஆன ஜெய்ப்பூர் முழங்காலை உருவாக்கியது. 2009ஆம் ஆண்டின் சிறந்த 50 கண்டுபிடிப்புகளுள் ஒன்றாக டைம் இதழ் அதனைக் குறிப்பிட்டது. அப்போது சொல்லப்பட்ட அடக்கவிலை ஏறத்தாழ 20 டாலர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வு மையம் 2022இல் 'கதம்' என்னும் முழங்காலை வெளியிட்டது. இவ்விரண்டிலும் கணிப்பொறி இல்லை. ஒற்றைக் கீலுக்கு மாறாகப் பல இணைப்புத் தண்டுகள் சேர்ந்து மடங்கும் அமைப்பு இவற்றில் உள்ளது. இதனால் மூட்டின் சுழல்மையம் மேலேயும் பின்னேயும் தள்ளி அமைகிறது; குதிகால் தரையைத் தொடும் அந்த ஒரு நொடியில் உடற்பாரம் மூட்டை மடக்குவதற்கு மாறாக நேராக்கவே முயலும். கணிப்பொறி கணக்கிட்டுச் செய்வதில் ஒரு பகுதியை வடிவமே செய்துவிடுகிறது என்று சொல்லலாம்.

இவ்வளவையும் நண்பரிடம் நான் சொல்லி முடிக்க மூன்று மாலைப்பொழுதுகள் ஆயின. அவர் மகனுக்கு உடனே எழுதவில்லை. சன்னலோர நாற்காலியிலிருந்து எழுந்து, மூலையில் நின்ற காலை எடுத்துவரச் சொன்னார். ஊரிலிருந்து சற்றுத் தொலைவிலுள்ள ஒரு மையத்தில் ஒற்றைக் கீலை நீக்கிப் பல இணைப்பு மூட்டொன்றை மாற்றிக்கொண்டு, இயன்முறைப் பயிற்சியாளர் ஒருவரின் துணையோடு முற்றத்தில் நடக்கத் தொடங்கினார். "நினைவை நம்பக்கூடாது" என்று சொல்லிக் கோடிட்ட ஏடு ஒன்றையும் தொடங்கினார். நாள், இடம், தடுமாறியது, விழுந்தது என்று நான்கு பத்திகள். புதிய மூட்டு வரும்போது ஒப்பிட்டுப் பார்க்கப் பழையதன் கணக்கு வேண்டுமல்லவா என்பது அவர் வாதம்.

சென்ற மாதம் சென்றிருந்தபோது அந்த ஏட்டைக் காட்டினார். தடுமாறிய பத்தியில் ஏழு கோடுகள். அவற்றுள் நான்கு வாசற்படியில். விழுந்த பத்தியில் ஒன்றும் இல்லை. பத்து வாரம் நிறைய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதன் பின்னரே மகனுக்கு விடை எழுதப் போவதாகச் சொன்னார்.